மொட்டைமாடியில் தின்ற பன்

நான் ஒளிந்து தின்றிருக்கிறேன். சின்ன வயதில் அல்ல. முப்பத்திரண்டு வயதில், கல்யாணமாகி எட்டாவது மாதம், லால்பேட்டையில் மாமியார் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து தின்றேன். தின்றது பிரியாணிகூட இல்லை. வெறும் பன்.

நடந்ததைச் சொல்ல என் வயிற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வீடு கடலூர் முதுநகர். வேலை சிதம்பரத்தில், ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுப்பது. தினமும் பைக்கில் போய்வருவேன். அந்தச் சாலையில் எந்தெந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியாக விழும் என்று என்னைக் கேட்டால் படமே வரைந்து கொடுப்பேன். அந்த அளவுக்கு வயிறு என்னைப் படுத்தியது. சாப்பிட்டால் ஊதும்; ஊதினால் ஓடும். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை, கொடியில் காயப்போட்டதுபோல என் தோளில் தொங்கியது.

சிதம்பரத்தில் ஒரு குடல் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

"சீலியாக் நோயா இருக்கலாம்னு சந்தேகமா இருக்கு. கோதுமையில குளூட்டன்னு ஒண்ணு இருக்கு. அது ஒத்துக்காம குடலைக் கெடுக்குது. ரத்தப் பரிசோதனை எழுதித் தர்றேன். அது முடியிற வரைக்கும் சாப்பாட்டுல எதையும் மாத்தாதீங்க" என்றார்.

'கோதுமை' என்ற இடத்திலேயே என் காது அடைத்துவிட்டது. மீதியை நான் கேட்கவே இல்லை. (தாவரவியல் படித்தவனுக்குக் கோதுமையைப் பற்றி ஒரு டாக்டர் என்ன சொல்லிவிட முடியும்!) கல்லூரியில் தேர்வு நேரம் என்று, சீட்டில் எழுதித் தந்த பரிசோதனையைத் தள்ளிப்போட்டேன். கோதுமையை மட்டும் அன்றைக்கே நிறுத்தினேன்.

இரண்டு மாதத்தில் வயிறு அமைதியானது. என் வாய்தான் அமைதியாகவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் வகுப்பெடுத்தேன். லால்பேட்டைக்குப் போனபோது மாமியாரின் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "மாமி, கோதுமைங்கிறது எனக்கு விஷம். ஒரு துளி பட்டாலும் விஷம்தான்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மாமி கோதுமை மாவு டப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அதில் பாம்பு படுத்திருப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

பிறகு, தானாகவே குணமாகிவிட்ட பெருமையோடு டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"நிறுத்திட்டீங்களா? யாருங்க நிறுத்தச் சொன்னது?"

"நானாதான் மேடம்..."

"கோதுமை உள்ள போயிட்டு இருந்தாதாங்க டெஸ்ட்ல தெரியும். திருடன் ஊரை விட்டுப் போனப்புறம் போலீஸ் வந்து யாரைப் பிடிக்கும்?"

தீர்ப்பு இதுதான்: ஆறு வாரம், தினமும் இரண்டு சப்பாத்தி அளவாவது கோதுமை சாப்பிட வேண்டும். ஒரு நாளும் விடக் கூடாது. ரொம்ப முடியாமல் போனால் போன் செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் பரிசோதனை.

மறுபடி சப்பாத்தி, மறுபடி பெட்ரோல் பங்க். என் மனைவி ரிஸ்வானா சப்பாத்தியைத் தட்டில் வைக்கும்போதெல்லாம் "பிஸ்மில்லாஹ் சொல்லிட்டு சாப்பிடுங்க" என்பாள், ஆபரேஷனுக்கு அனுப்புகிற முகத்தோடு.

ஐந்தாவது வாரத்தில் அவளுடைய தம்பி இர்ஃபான் இரண்டு வருஷம் கழித்து துபாயிலிருந்து வந்தான். லால்பேட்டையில் விருந்து. இரண்டு நாள் தங்க வேண்டும்.

"அம்மாகிட்ட போன்ல விஷயத்தைச் சொல்லிடவா?" என்று கேட்டாள் ரிஸ்வானா.

"வேணாம். போன தடவை விஷம்னுட்டு, இந்தத் தடவை ரெண்டு சப்பாத்தி போடுங்கன்னு எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு கேக்கறது? பையில பன் எடுத்துட்டுப் போயிடலாம், மைதாவும் கோதுமைதானே."

"நீங்க ஒரு வாத்தியாரு. ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. அதனால்தானே கூச்சம்.

லால்பேட்டை வீட்டில் நுழைந்ததும் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, பயப்படாம சாப்பிடுங்க. இந்த வீட்டுல ஒரு பொட்டு கோதுமை கிடையாது. பாத்திரத்தையெல்லாம் ரெண்டு தடவ கழுவிட்டேன்." பரோட்டா இருக்க வேண்டிய இடத்தில் அரிசி ரொட்டி. பெருங்காயத்தில்கூட கோதுமை மாவு கலப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அதையும் தூக்கி எறிந்திருந்தார். (இது எனக்கே தெரியாது.)

பக்கத்தில் உட்கார்ந்த இர்ஃபான் மெதுவாக என் காதில் சொன்னான்: "மச்சான், ரெண்டு வருஷமா நம்ம ஊரு பரோட்டாவ நெனச்சிக்கிட்டே கெடந்தேன். கேட்டா, மச்சானுக்கு விஷம்டான்னு அம்மா அடிக்க வருது."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான் இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் சாய்ந்த நேரம், "போன் பேசிட்டு வரேன்" என்று மாடிக்கு ஏறினேன். பையில் மூன்று பன். முதல் நாள் வாங்கியது. வெயிலில் வந்ததில் பஞ்சுத் தலையணை மாதிரி ஆகியிருந்தது. தண்ணீர் எடுத்து வர மறந்துவிட்டேன். தொட்டி நிறையத் தண்ணீர் முதுகுக்குப் பின்னால். என் வாயில் பாலைவனம். சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று இரண்டாவது பன்னை அப்படியே உள்ளே திணித்தேன்.

அப்போதுதான் மாமி காய்ந்த மிளகாயை அள்ள மேலே வந்தார்.

"மாப்ள? இங்க என்ன பண்றீங்க? வாயில என்ன?"

"ம்ம்ம்."

என் கையில் இருந்த மூன்றாவது பன்னை அவர் பார்த்தார். முகம் வெளுத்தது. முறம் கையிலிருந்து விழுந்து மிளகாய் மாடியெல்லாம் சிதறியது.

"யா அல்லாஹ்! மாப்ள விஷத்தத் திங்கிறாரே! ஓடியாங்களேன்!"

லால்பேட்டையில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பவை. 'விஷம்' என்ற சொல் நான்கு மொட்டைமாடிகளைத் தாண்டிப் போனது. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வார்த்தை இல்லை, மாவும் எச்சிலும். "நுரை தள்ளுது!" என்று பக்கத்து மாடியிலிருந்து ஒரு குரல்.

இர்ஃபான் என்னை அலாக்காகத் தூக்கிக் கீழே கொண்டுபோனான். யாரோ ஒரு சொம்பு உப்புத் தண்ணீரை வாயில் கவிழ்த்தார்கள். வாசலில் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால், கல்லூரி ஆசிரியரும் புது மாப்பிள்ளையுமான நான், ஆறு வார வைத்தியத்தில் அன்றைய பங்கை முற்றத்தில் கொட்டினேன்.

"என்ன கஷ்டமோ பாவம், நல்ல புள்ளை" என்றது ஒரு குரல்.

"பொண்ணுக்கும் இவருக்கும் ஏதாவது சண்டையா?" என்றது இன்னொன்று.

தூங்கி எழுந்து ஓடிவந்த ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். என் முஷ்டியில் நசுங்கியிருந்த பன்னைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். புருஷன் விஷம் குடித்துக் கிடக்கும்போது பெண் சிரிக்கிறாள் என்று கூட்டம் இன்னும் மிரண்டது. மாமனார் அவசரமாக வாசற்கதவைச் சாத்தினார்.

கதவுக்கு உள்ளே ரிஸ்வானா எல்லாவற்றையும் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி மெதுவாகக் கேட்டார்: "நேத்து சாயந்திரம் பூரா அந்த அரிசியை இடிச்சேன். சொல்லியிருக்கக் கூடாதா மாப்ள? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?"

அழுதுகொண்டேதான் கேட்டார். நாற்பது பேர் முன்னால் வாந்தி எடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு கூசவில்லை. "என் வீம்புதான் மாமி, மன்னிச்சிடுங்க" என்றேன். அந்த வீட்டில் நான் பாடம் எடுக்காமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

மாமி கண்ணைத் துடைத்தார். "இர்ஃபான், கடைக்குப் போய் பரோட்டா வாங்கிட்டு வா. டாக்டர் சொன்னத ஒரு நாள்கூட விடக் கூடாது."

அவன் செருப்புகூடப் போடாமல் ஓடினான். மாமி என் எதிரில் உட்கார்ந்து, இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார். நான் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் "யா அல்லாஹ், இந்தப் புள்ளைய காப்பாத்து" என்று முணுமுணுத்தார். இர்ஃபான் ஆறு பரோட்டா சாப்பிட்டான். "மச்சான், நீங்க அடிக்கடி விஷம் சாப்பிடணும்" என்றான்.

ஆறு வாரம் முடிந்து ரத்தம் கொடுத்தேன். அப்புறம் வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலில் பரிசோதனைக்கு ஒரு கிள்ளு சதை எடுத்தார்கள். சீலியாக்தான். கோதுமையை நிறுத்தினேன், இந்த முறை டாக்டரம்மா சொன்ன தேதியில். இப்போது கல்யாணச் சட்டை பொத்தான் போட முடியாத அளவுக்கு இறுக்கம்.

வீட்டுக்குள் எல்லோருக்கும் உண்மை தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் மாமனார் சாத்திய கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு அன்றைய முதல் பாதி மட்டும்தான் தெரியும். நாலு வருஷமாகியும் தெருமுனை ஹாஜியார் என்னைப் பார்த்தால் சலாம் சொல்லிப் பிடித்த கையை விடுவதில்லை.

"தம்பி, இப்ப சந்தோஷமா இருக்கீங்களா?"

"இருக்கேன் மாமா. அன்னிக்கு அது வந்து, வெறும் பன்தான்..."

"தெரியும், தெரியும். எதுவா இருந்தாலும் மனசு விட்டுப் பேசிடணும், என்ன?"

பிறகு ரிஸ்வானாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அவர அதட்டாதம்மா" என்கிறார். அவளும் தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ரொம்ப அடக்கமாக, "சரி மாமா" என்கிறாள்.