கருவாட்டுக் கடையோடு ஒரு தொடுப்பு

ஒரு விடுகதை. கை இல்லை, கூப்பிடும். கால் இல்லை, கூட்டிப் போகும். விரல் பட்டால் அடுத்த கணம் வேறொருவர் வீட்டில் நிற்பீர்கள். அது என்ன?

பஸ் என்று சொன்னவர்களுக்குப் புள்ளி இல்லை. புத்தளம் பஸ் விரல் பட்டவுடன் எங்கேயும் போவதில்லை.

விடை, ஒரு இணையத்தளத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி. ஊர் வழக்கில் லிங்க். நல்ல தமிழில் தொடுப்பு. அன்று எனக்கு இருந்த வேலை அதில் ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்குவது. ஒன்றே ஒன்று.

பத்திரிகைக்காரர்கள் என் சிறுவர் பக்கத்தை நிறுத்தி அந்த இடத்தில் சோதிடம் போட்ட பிறகு, மதுரங்குளியில் வீட்டில் இருந்தபடியே பிள்ளைகளுக்கு ஒரு தளம் தொடங்கினேன். வந்து படித்தவர்கள் இரண்டு பேர். நான், என் மற்றப் போனில் இருந்து நான். உண்மையான பிள்ளை ஒன்றும் வராவிட்டால் மூடிவிடுவது என்று இருந்தேன்.

முதலில் புத்தளத்தில் ஒரு நிபுணரிடம் போனேன். போன் உறை விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார். மற்றத் தளங்கள் நம்மைக் காட்டினால்தான் தேடுகிறவர்களுக்கு நாம் தெரிவோம் என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. ஒரு கிழமைக்குள் நூற்றுக்கணக்கில் தொடுப்பு எடுத்துத் தந்தார். எல்லாம் சூதாட்டத் தளங்கள், தொப்பை கரைக்கும் தூள் விற்கிற தளங்கள். என் முயல் கதை, வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் எண்ணெய்க்குக் கீழே தொங்கியது.

கேட்டதற்கு, "லிங்க் எண்டா லிங்க்தானே ராத்தா" என்றார். அவ்வளவுதான் நிபுணத்துவம். எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, மரியாதையாகக் கேட்போம் என்று நினைத்தேன். கொடுக்கிறவருக்கும் பிரயோசனமான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்போம். கற்பிட்டியில் ஜிப்ரி என்பவர் கருவாடு விற்க ஒரு தளம் வைத்திருந்தார். மீன் எப்படிக் கருவாடாகிறது என்று பிள்ளைகளுக்காக நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பொருத்தம் என்றால் அப்படியொரு பொருத்தம்.

அவருடைய தளத்தில் இருந்த நம்பருக்குச் செய்தி அனுப்பினேன். பிள்ளைகள் எழுதிய ஆங்கிலச் சொல்லையெல்லாம் வெட்டிப் பழகிய கை இது. லிங்க் என்று எழுதுமா?

"அன்புள்ள ஜிப்ரி அவர்களுக்கு, பல நாளாக உங்களைக் கவனித்து வருகிறேன். உங்களோடு ஒரு தொடுப்பு வைத்துக்கொள்ள விரும்புகிறேன். இருவருக்கும் நன்மை. பிள்ளைகளுக்கும் நல்லது. இப்படிக்கு, தேன்மொழி."

தேன்மொழி என் சிறுவர் பக்கப் பெயர். திரும்பத் திரும்ப எழுத்துப் பிழை பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை.

கட்டியவளுக்குத் தெரியாமல் ஒருவன் வெளியே ஒருத்தியை வைத்திருந்தால் ஊர் அதற்குச் சொல்கிற பெயரும் தொடுப்புத்தான் என்பது, இவ்வளவு தமிழ் படித்த எனக்குத் தோன்றவில்லை. கடைப் போன் ஜிப்ரியின் மனைவி பௌசியாவின் கையில் இருக்கும் என்பதும் தோன்றவில்லை.

அழைப்பு வந்தது.

"தேன்மொழி யாரு?"

"நான்தான்."

"எங்கட அவரோட ஒங்களுக்கு என்ன தொடுப்பு?"

"இன்னும் இல்லை தங்கச்சி. அவர் சம்மதிக்க வேணுமே."

பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாக விளக்கினேன். அவர் பக்கம் வருகிறவர்கள் என் பக்கமும் வந்து போகலாம், இரவு பகல் பார்க்கத் தேவையில்லை, இந்தக் காலத்தில் எல்லோரும் செய்வதுதான், இவர் சரிவராவிட்டால் சிலாபம் வரைக்கும் ஆட்களைக் கேட்க இருக்கிறேன் என்றேன். பௌசியா என் விலாசத்தைக் கேட்டார். ஆர்வம் வந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் ஒரு த்ரீவீலர் நின்றது. முதலில் பௌசியா இறங்கினார். அடுத்தது மகள் ஹனா, எட்டு வயது இருக்கும். கடைசியாக ஜிப்ரி, பிளந்து காயப்போட்ட மீன் மாதிரி. இந்த மனிசியைக் கண்ணாலும் கண்டதில்லை என்று என் வீட்டு மதிலிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தார். விஷயம் இன்றைக்குத் தெளியாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போவதாகப் பௌசியா வழியெல்லாம் சொல்லி வந்திருக்கிறார்.

கதவைத் திறந்தேன். என் நரைத்த தலையையும் தடித்த கண்ணாடியையும் கண்டதும் பௌசியாவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. அது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கவில்லை.

கதிரை போட்டு உட்காரவைத்து, கணினியில் என் தளத்தைக் காட்டினேன். கருவாட்டுப் பக்கத்தைப் பௌசியா முதலில் இருந்து கடைசி வரைக்கும் வாசித்தார்.

"லிங்க் எண்டு எழுதினா என்ன ராத்தா? அந்தத் தளத்தச் செஞ்சதே நான்தான். கண்ட ஒடனே போட்டிருப்பன். தமிழ வச்சி எண்ட குடும்பத்த ஒடைக்கப் பாத்தீங்களே."

ஜிப்ரி அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார்.

பௌசியா அங்கேயே தன் போனில் என் பக்கத்துக்கு வழி போட்டுத் தந்தார். பதிலுக்கு என் பக்கத்தில் இருந்தும் ஒன்று கேட்டார். அவர்களுடைய கடையில் பூனை ஒன்று கட்டாக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் வீடியோவுக்கு. நியாயம்தான். பக்கத்தின் அடியில், சின்னதாகப் போட்டேன்.

அந்த வழியால் என் தளத்துக்கு வந்த முதல் பிள்ளை ஹனா. உம்மாவின் போனில் திறந்து, அவள் கையில் கொடுத்தேன். மேலே ஒரு மாதமாக நான் எழுதித் திருத்திய பக்கம். கீழே பூனை. எது வேணும் மகள் என்று கேட்டேன்.

ஹனா பூனையைத் தெரிவு செய்தாள்.