என்டர் சாரின் மூன்றாம் நம்பர் கேபின்

கருவடிக்குப்பத்தில் என்டர் சார் கடை இருந்த வரைக்கும் எங்கள் பக்கத்துத் தகராறு எதுவும் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. இப்படிச் சொன்னால் வக்கீல் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், பாதியாவது உண்மை.

மில்லில் டைம் ஆபீசில் இருந்தவர். அந்த வேலை போனதும், இரண்டாயிரத்து நாலு வாக்கில், நாலு கேபின் போட்டு பிரௌசிங் சென்டர் திறந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும், யாருக்கும் தெரியாது. மூன்று, நாலு நம்பர் கேபின்களில் கீபோர்டிலிருந்து என்டர் பட்டனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மவுஸ் அவர் மேசை டிராயரில். ஆத்திரத்தோடு வருகிறவர்களுக்கு அந்த இரண்டு கேபின்தான். எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், அனுப்ப முடியாது. அவரைக் கூப்பிட வேண்டும். வந்து முழுக்கப் படிப்பார்.

"அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க சார்."

"இன்னொரு தரம் படிச்சிடு."

மூன்றாவது தரமும் சரி என்றால்தான், பட்டன் இருந்த பள்ளத்தில் பேனா மூடியால் ஓர் அழுத்து.

ஒரு நாள் நாய் வளர்த்தவரும் எதிர்வீட்டுக்காரரும் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். ஆளுக்கொரு கேபின், நடுவில் ஒரு பிளைவுட் பலகை. வாய் திறக்கக் கூடாது, கம்ப்யூட்டர் சாட்டில்தான் திட்ட வேண்டும். கீபோர்டு இரண்டும் பிரான்சிலிருந்து சொந்தக்காரர் யாரோ கொடுத்துவிட்டவை, எழுத்தெல்லாம் இடம் மாறியிருக்கும். கால் மணி நேரம் சத்தமே இல்லை.

"யோவ், இந்த 'ஏ' எங்கய்யா இருக்கு?"

"மேல் வரிசையில மொதல்ல பாரு. நானும் அதத்தான் தேடினேன்."

"பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல" என்று சார் அதட்டினார். இருவரும் ஒன்றாக டீ குடிக்கப் போனார்கள். நாய் மட்டும் வழக்கம்போல் குரைத்தது.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நானே ஒரு நாள் மூன்றாம் நம்பர் கேபினுக்குப் போனேன்.

என் மனைவியின் அண்ணன் பிரான்சில் இருக்கிறார். லீவு கிடைக்காமல் எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. பிறகு வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே வீட்டில் எதையோ மாற்றிக் கட்டச் சொல்லி யோசனை சொன்னார். "கல்யாணத்துக்கே வராதவருக்கு இங்க என்ன பேச்சு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். கை கழுவ எழுந்தவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு போனில் என் குரலைக் கேட்டாலே வைத்துவிடுவார்.

மகளுக்கு மூன்று வயது முடிந்தது. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். உனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறாரே என்றேன் மனைவியிடம். "பரவால்லங்க, கொழந்த காது சும்மாவே இருக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அண்ணன் பேரையே எடுப்பதில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மச்சானுக்கு மெயில் எழுதப் போனேன். ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் சார்தான் போட்டுக் கொடுத்தார். சமாதானம் என்று ஆரம்பித்தது, கை சூடேறி இரண்டு பக்கத்துக்கு வசவாக முடிந்தது. சார் படித்தார். "பத்திரமா வெக்கிறேன், நாளைக்கு வா" என்றார்.

மறுநாள் படித்தபோது இரண்டு வரி எனக்கே கூசியது, எடுத்தேன். அடுத்த நாள் ஒரு பத்தி போனது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து தினமும் நேரே அங்கேதான். ஆறாம் நாள் மிஞ்சியது இவ்வளவுதான்: "மச்சான், நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பாப்பாவுக்குக் காது குத்தணும். வாங்க."

"இப்ப அனுப்பலாம்" என்று அவரே அழுத்தினார்.

மச்சான் வந்தார். பாப்பாவை மடியில் வைத்துக் காது குத்தியாயிற்று. பந்தியில் சாம்பார் ஊற்றப் போன என் கையைப் பிடித்து, மெதுவாகச் சொன்னார்.

"மாப்ள, ஆறு மெயிலும் வந்துச்சு."

"ஆறா?"

"தினம் ஒண்ணு. மொத மெயில் மட்டும் வந்திருந்தா ஜென்மத்துக்கும் வந்திருக்க மாட்டேன். கடைசி மட்டும் வந்திருந்தா, தங்கச்சி சொல்லி எழுதினதுன்னு விட்டிருப்பேன். நீங்களே ஒவ்வொரு வசவா எடுத்துக்கிட்டே வந்தீங்க பாருங்க, அதான் டிக்கெட் போட்டேன்."

அனுப்பிய மெயில்கள் தனியாக ஓர் இடத்தில் கிடக்கும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. என்னைக் கேட்காமல் என் வசவை எல்லாம் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார் மனுஷன். அன்று சாயங்காலமே நன்றாக வைதுவிட்டு வருவது என்று கிளம்பினேன்.

கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள், "பாப்பா ரொம்ப அழுதுச்சா?" என்றார்.

"கொஞ்சந்தான் சார். மடியில வெச்சிருந்த மாமாதான் நிறுத்தவே இல்ல."

தலையாட்டிவிட்டுத் துடைக்க ஆரம்பித்தார். வைய வந்தவன் கடை சாத்தும் வரை அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வர மனசு வரவில்லை.