கடலைக் கொதிக்க வைக்கும் யோசனை

மல்லாங்கிணறு,
4-10-1970

மேன்மை பொருந்திய மாப்பிள்ளை தனுஷ்கோடி அவர்களுக்கு மாமனார் சௌந்தரபாண்டியன் எழுதிக்கொண்டது. நீங்களும் ராமலட்சுமியும் திருவனந்தபுரத்தில் நலமாக இருப்பீர்கள். இங்கே நாங்கள் சுகம். மழைதான் மூன்று வருஷமாகச் சுகமில்லை.

நீங்கள் ராக்கெட் ஆபீசில் டைப் அடிப்பவர் என்பதால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வானத்தில், மேகத்துக்கும் மேலே, பாலவனத்தம் ஊர் அளவுக்கு ஒரு கண்ணாடியை மாட்டிவிட வேண்டியது. அது வெயிலை மொத்தமாகப் பிடித்துக் கடலில் அடிக்கும். கடல் இட்லிக்கொப்பரை மாதிரி கொதிக்கும். ஆவி எழும்பி நம் புஞ்சைகளில் மழையாகக் கொட்டும். "மீனெல்லாம் வெந்துபோகாதா?" என்று உங்கள் அத்தை கேட்டாள். வெந்த மீனை லாரியில் ஏற்றவும் யோசனை வைத்திருக்கிறேன்.

உங்கள் அதிகாரி வெறும் பேச்சு என்று நினைத்துவிடக் கூடாதே என்று புதன்கிழமை மாடியில் சோதனை நடத்தினேன். போட்டோ ஸ்டூடியோ ஜான்ராஜிடம் மூன்று ஆளுயரக் கண்ணாடி இரவல் வாங்கி, கண்ணாடி பதித்த நம் பீரோக் கதவையும் கழற்றி, நாலு வெளிச்சமும் உப்புத்தண்ணீர் அண்டாவில் விழும்படி நிறுத்தினேன். தண்ணீர் சுட ஆரம்பித்த நேரம் பார்த்துக் காற்றடித்து, பீரோக் கதவு திரும்பி, வெளிச்சம் முழுவதும் தெருவில் வந்த பஸ் டிரைவர் கண்ணில் அடிக்க, அவர் பஸ்ஸை நேராக எதிர்வீட்டு முத்துராமலிங்கம் குவித்து வைத்திருந்த சோளத்தட்டைப் படப்புக்குள் விட்டுவிட்டார். யாருக்கும் காயமில்லை. எல்லோரும் தலையில் தட்டையோடு இறங்கினார்கள்.

முத்துராமலிங்கம் கம்போடு மாடியேறி வந்தார். "அண்ணாச்சி, இங்க என்ன செய்றீக?"

"மழைக்கு ஏற்பாடு பண்றேன்."

விஷயத்தைக் கேட்டார். அண்டாவில் விரலை விட்டுப் பார்த்தார். "சுடத்தான் செய்யுது" என்றவர் கம்பைக் கீழே வைத்துவிட்டார். "எம்புஞ்சை மேற்கால கெடக்கு. கண்ணாடிய லேசாச் சாச்சு மாட்டச் சொல்லுங்க."

பஸ்ஸில் வந்த பரளச்சிக்காரர்கள், "எங்க ஊரையும் சேத்துக்கோங்க" என்றார்கள். டிரைவர் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இத்துடன் இணைத்திருக்கிறேன். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

நீங்களும் ராமலட்சுமியும் நீண்ட ஆயுளோடு வாழ நாங்கள் இருவரும் கும்பிட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சௌந்தரபாண்டியன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட வெளியே போக முடியவில்லை; ஐந்து நாளாக அடைமழை. இன்று காலை முத்துராமலிங்கம் நனைந்துகொண்டே வந்து, "போதும் அண்ணாச்சி, கண்ணாடிய எறக்கச் சொல்லுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "எழுதிப் பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். ஆகையால் இதை அதிகாரியிடம் காட்ட வேண்டாம். நான் இன்னும் கடிதமே போடவில்லை என்பதை ஊரில் யாரிடமும் மூச்சுவிட வேண்டாம்.