சம்பந்தியின் சிலிண்டரும் பல் டாக்டரின் கம்ப்ரஸரும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம், அங்கும் அவ்வாறே என நம்புகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு, வெகுநேரமாகப் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன். தங்கள் மகளும் என் மகனும் நலம். எனக்குத்தான் நலமில்லை. காய்ச்சல் இல்லை, முழங்கால் வலி எப்போதும் உள்ளதுதான். இது வெட்கம். கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், மன்னிப்புக் கேட்பதென்றால் முதல் பத்தியிலேயே கேட்டுவிட வேண்டும், பக்கத்தைத் திருப்பச் சொல்லிக் கேட்கக் கூடாது என்பார். ஆகவே கேட்டுவிடுகிறேன். தாங்கள் கொடுத்த காற்று சிலிண்டர் ஒழுகவில்லை. ஒழுகுகிறது என்று நான் சொன்னது பொய்.

மருமகள் போட்டிகளில் சுடும் ஏர் ரைஃபிளுக்குக் காற்று நிரப்ப, தங்கள் கார் ஷெட்டில் இருப்பதைப் போலவே ஒரு கம்ப்ரஸர் வாங்கி அனுப்புவதாகத் தாங்கள் போனில் சொன்னீர்கள். "எங்க வீட்டு மருமகளுக்கு வேண்டிய காத்தை நாங்களே வாங்கிக்குவோம்" என்று நான் பதில் சொன்னதும் நினைவிருக்கும். தாங்கள் கோபப்படவில்லை. கப்பல் எஞ்சின் அறையிலேயே வயதைக் கழித்தவர் என்ற முறையில் பொறுமையாக விளக்கினீர்கள். துப்பாக்கியில் மாட்டும் சிலிண்டருக்கு வேண்டியது முந்நூறு பார் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல். கம்ப்ரஸர் தொட்டியின் அளவைப் பார்த்து மயங்கக் கூடாது. தண்ணீர் சுற்றிக் குளிரவைக்கும் வகையா, காற்றின் ஈரத்தை வடிகட்டுமா, வைத்த அழுத்தம் வந்ததும் தானாக நிற்குமா என்றெல்லாம் கேட்டு வாங்க வேண்டும் என்றீர்கள். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் முடித்ததும், அழுத்தத்தைப் பற்றி நானும் படித்தவள்தான், இயற்பியலில் வகுப்பிலேயே முதல் மாணவி என்றேன். அது உண்மை. ஆனால் அந்த வகுப்பில் கம்ப்ரஸர் கிடையாது.

கடைக்காரர் சரியானதைத்தான் காட்டினார், அதையும் மறைப்பதற்கில்லை. பயணப் பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், அதிலிருந்து இரண்டு குழாய், அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. ஓட்டிக் காட்டியபோது என் பல்லெல்லாம் ஆடியது. இதையா வீட்டுக்குள் வைப்பது என்று வந்துவிட்டேன். ஆடிய பல்லில் ஒன்று நிஜமாகவே ஆடியதால் மறுநாள் பல் டாக்டரிடம் போனேன், அங்கேதான் என் அறிவு வேலை செய்தது. அவர் என் வாயைக் குடையும் கருவி காற்றில் ஓடுகிறது, காற்றை அனுப்பும் இயந்திரமோ கதவுக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று, சத்தமில்லாமல், எண்ணெய் இல்லாமல், கன்றுக்குட்டி அளவில் நிற்கிறது. "இதுல நல்லா காத்து வருமா டாக்டர்?" என்று கேட்டேன். "வராமலா உங்க பல்லைக் குடையறேன்?" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவ்வளவு பெரிய தொட்டி இவ்வளவு சின்ன சிலிண்டரை நிரப்பாதா என்பது என் கணக்கு. தொட்டியின் அளவைப் பற்றி நீங்கள் சொன்ன இடத்தில்தான் நான் பீன்ஸ் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அதே போல ஒன்றை வாங்கி ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நான் பூத்தையல் போட்ட விரிப்பையும் மேலே போட்டேன். பார்த்தால் யாரும் கம்ப்ரஸர் என்று சொல்ல மாட்டார்கள். அது கம்ப்ரஸர் வேலையையும் செய்யவில்லை என்பது வேறு விஷயம். குழாய் சிலிண்டருக்குப் பொருந்தாததால் பிளம்பரைக் கூப்பிட்டேன். "தண்ணின்னா நான் பொறுப்பு, காத்துக்கெல்லாம் பொறுப்பேத்துக்க முடியாதும்மா" என்று சொல்லிக்கொண்டே வெள்ளை டேப்பைச் சுற்றிப் பொருத்திவிட்டுப் போனார். மகனும் மருமகளும் ஆபீசில். அவள் வரும்போது சிலிண்டர் நிரம்பியிருக்க வேண்டும், யார் நிரப்பியது என்று அவள் கேட்க வேண்டும், நான் ஒன்றுமே நடக்காதது போல இருக்க வேண்டும் என்பது ஆசை. நீங்கள் நிரப்பித் தந்த காற்றில் பாதிக்கு மேல் அதில் மீதி இருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டுச் சிலிண்டரின் திருகைத் திறந்தேன். காற்று பலமுள்ள இடத்திலிருந்து பலமில்லாத இடத்துக்குத்தான் போகும் என்பது அந்த நொடியில் எனக்கு நினைவு வந்தது, பரீட்சையில் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். கம்ப்ரஸரிலிருந்து சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று, சிலிண்டரிலிருந்து கம்ப்ரஸருக்குப் பாய்ந்தது. அது வீல் என்று அலறியது, குழாய் பிடுங்கிக்கொண்டு ஹாலெல்லாம் சாட்டையாகச் சுழன்றது, விரிப்பு மின்விசிறியில் போய்த் தொங்கியது. நான் சோபாவுக்குப் பின்னால் தவழ்ந்தேன். இந்த வயதில், சம்பந்தி, தவழ்ந்தேன். என் கணவரின் படம் சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உயிரோடிருந்தபோதும் என் யோசனைகளைக் கேட்டால் தலையை அப்படித்தான் சாய்ப்பார். நான் எட்டித் திருகை மூடியபோது மூடுவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து குக்கர் வெடித்துவிட்டதா என்று கேட்டார். வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

மாலையில் மருமகள் வந்ததும் முதலில் சிலிண்டரைத்தான் பார்த்தாள். "என்ன அத்தை, முள்ளு பூஜ்ஜியத்துல கிடக்கு?" என்றாள். சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது, ஆனால் வந்தது வேறு: "உங்க அப்பா குடுத்தது ஒழுகுது போலம்மா." புதிய இயந்திரம் ஓடியதா என்று மகன் கேட்டான். இன்னும் தொடவே இல்லை என்றேன். ஒரு பொய்க்கு இன்னொன்று துணை. அவள் அங்கேயே நின்று உங்களுக்குப் போன் போட்டாள். "ஏம்ப்பா, ஓட்டை சிலிண்டரையா குடுத்து விட்டீங்க? சனிக்கிழமை செலக்‌ஷன்னு தெரியுமில்ல? எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசத்தான் தெரியும் உங்களுக்கு" என்றாள். அந்தப் பெண் உங்களிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அப்போதாவது போனை வாங்கியிருக்க வேண்டும். நான் தட்டு வைக்கப் போனேன்.

அவள் துப்பாக்கி சுடப் பழகும் கிளப்பின் கம்ப்ரஸர் பழுதாகிக் கிடப்பதால் சனிக்கிழமை அணித் தேர்வுக்கு அவரவர் காற்றை அவரவரே கொண்டுபோக வேண்டுமாம். காற்றில்லாவிட்டால் அவள் அங்கே போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அன்றிலிருந்து மாலையானால் தன் அறையில் சுவரில் ஒரு புள்ளியை ஒட்டி, வெறும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். டிக் என்கிறது. சற்றுப் பொறுத்து மறுபடி டிக். ஒவ்வொன்றும் எனக்காகவே அடிப்பது போல இருக்கிறது. சம்பந்தி, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளாமல் உங்கள் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் வாருங்கள். எண்ணெய், வாளி, சத்தம் எதற்கும் வாய் திறக்க மாட்டேன், ஹாலின் நடுவிலேயே வையுங்கள். உங்கள் எதிரில் அவளிடம் நானே எல்லாவற்றையும் சொல்கிறேன். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தங்கள் துணைவியாருக்கு என் அன்பைச் சொல்லவும். இரு வீட்டுப் பிள்ளைகளும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும், நம்மைப் பற்றிக் கவலையில்லாமல்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
தங்கள் சம்பந்தியம்மாள்

பி.கு.: உறையை ஒட்டும்போது மருமகள் வந்து யாருக்குக் கடிதம் என்று கேட்டாள். என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "அத்தை, எதிர்வீட்டு மாமா அன்னைக்கே எனக்கு போன் பண்ணிட்டார். ரயில் எஞ்சின் மாதிரி சத்தம்னார். உங்களுக்கு அடிகிடி பட்டிருக்குமோன்னு பதறிட்டுதான் வந்தேன். நீங்க ஒழுகுதுன்னு சொன்னதும் உங்களை எப்படிப் பொய்யாக்கறது? அப்பாவுக்கு விஷயத்தை மெசேஜ் போட்டுட்டு அப்புறம்தான் திட்டினேன்." அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "இன்னும் கொஞ்சம் சத்தமா திட்டுன்னார்" என்றாள்.

சிலிண்டரை நேற்றே நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் வைத்து நீங்கள் மாற்றிக் கொடுத்துவிட்டீர்களாம். டிக் டிக் என்பது அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தினமும் செய்யும் பயிற்சியாம், என் காதில்தான் இப்போது விழுகிறது. ஆகவே நீங்கள் வர வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். கடிதத்தையும் அனுப்ப வேண்டாம் என்கிறாள். அனுப்புகிறேன். பொய் மட்டும் உங்கள் வீடுவரை வந்து, உண்மை என் மேசை இழுப்பறையில் கிடப்பது நன்றாக இராது. வியாழக்கிழமையே கையில் கிடைத்துவிடும் என்று கூரியரில் சொல்கிறார்கள். சனிக்கிழமை தேர்வைப் பார்க்க நீங்களும் வருவதாகச் சொன்னாள், நானும் அவளோடு வருகிறேன். அங்கே என்னைப் பார்க்கும்போது, இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேரவே இல்லை என்பது போல இருந்துவிடுங்கள். உங்களுக்கு நடிக்கத் தெரியும் என்று தெரிந்துவிட்டதால் கேட்கிறேன்.