போன் இருந்தால் ஒரு வேகம்

பயப்படுவதுதான் என் முழுநேரத் தொழில். போடியிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுவது இடையில் பார்க்கும் சோலி. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் பயத்தால்தான் (கணக்கு வாத்தியார்).

அந்தக் கணக்கை என் மகள் கார்த்திகா எடுத்துப் படித்தாள். கம்ப்யூட்டருக்கே பாடம் சொல்லித்தரும் படிப்பு (செயற்கை நுண்ணறிவாம், எனக்கு இயற்கையிலேயே இல்லாதது). சாயங்காலம் தோட்டத்துப் பெண்கள் என் ஜீப்புக்காக கேட்டில் நின்று மழையில் நனைவார்கள். வண்டி எப்போது வரும் என்று கம்ப்யூட்டரே கணித்து அவர்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அதுதான் அவளுடைய கடைசி வருட ப்ராஜெக்ட்.

"அப்பா, இந்தப் போனை முன்னாடி மாட்டிக்க. நீ போறதப் பாத்துப் பாத்து அது கத்துக்கிரும். எப்பவும் போல ஓட்டு, போதும்."

எப்பவும் போலவா? எதிரில் ஒரு போன் முறைத்துக்கொண்டிருக்கும்போதா? இரண்டு வாரம், போடிமெட்டு வளைவுகளில் கல்யாணப் பெண்ணை ஏற்றிவந்தவன் மாதிரி ஊர்ந்தேன். லோடு லாரிகூட என்னை முந்திப் போனது.

சோதனை நாளில் போன் இல்லை (கம்ப்யூட்டர் கற்று முடித்துவிட்டதாம்). கார்த்திகாவும் மார்க் போட வந்த அவளுடைய சாரும் முன்பே மேலே போய்விட்டார்கள். நான் வழக்கம்போல மிதித்துப் போய்ச் சேர்ந்தால், கேட்டில் ஒருவரும் இல்லை.

என் மூளைக்கு முதலில் வருவது யானைதான். ஹாரனை அலறவிட்டு, "ஆனை வந்துருச்சா? எம்புள்ள எங்கய்யா?" என்று தோட்டத்துக்குள் ஓடினேன். யானையை விரட்ட சூப்பர்வைசர் பட்டாசும் கையுமாக வந்தார். என் செருப்பு எங்கேயோ கழன்றது.

காய் உலர்த்தும் ஸ்டோர் கதவு திறந்தது. உள்ளே சார் உட்பட எல்லாரும் பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, நீ வர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும்னுல்ல செய்தி வந்துச்சு?" என்றாள் பேச்சியம்மா, தோட்டத்தில் காய் எடுப்பவள்.

கார்த்திகாவின் முகம் வெளுத்தது. சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் சரியாத்தான்மா கத்துருக்கு. அது பாத்த டிரைவர் வேற, இவரு வேற."

"அந்த ரெண்டு வாரமும் எப்பிடித்தான்ப்பா ஓட்டுன?"

"போனுக்குள்ள நீ ஒக்காந்திருக்க மாதிரியே இருந்துச்சு ஆத்தா. அதான்…"

அவள் திட்டவில்லை. தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்தாள் (இரண்டு விரல்தான் நுழைந்தது).

சார் இன்னும் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார். இந்த முறை போனை சீட்டுக்கு அடியில், எந்த நாள் இருக்கிறது என்று எனக்குச் சொல்லாமலே ஒளித்து வைத்தாள். தேறிவிட்டாள். இப்போது சென்னையில் வேலை. வண்டி வரும் நேரம் மட்டும் இன்னும் தோட்டத்துப் பெண்களுக்குச் செய்தியாகப் போகிறது.

இன்றும் நான் வண்டியை எடுத்தால் என் வீட்டுக்காரி வாசல்வரை வந்து, "புள்ள போனுக்குள்ள இருக்கா, பாத்துப் போங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் கிளம்புவேன். ஆனால் முதல் வளைவிலேயே கால் தானாக பிரேக்குக்குப் போய்விடுகிறது.

அதனால் கார்த்திகாவின் கணக்கு இன்னும் கொஞ்சம் தப்பத்தான் செய்கிறது.