காற்றுக்குக் கவர் போட்டவர்

ஏற்காட்டில் குளிரோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு, குரங்கோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. காற்றோடு மல்லுக்கட்டியவர் எங்கள் கவர் பாய் ஒருவர்தான்.

ஒண்டிக்கடை முக்கில் என் ஜெராக்ஸ் கடையை ஒட்டி அவருடைய பேக்கரி. வாழவந்தியில் அரை ஏக்கர் நிலமும் உண்டு. அதில் மலைக்காரர்கள் காலங்காலமாகப் போட்டுவந்த வெள்ளை மக்காச்சோளத்தைத் தவிர வேறு எதையும் விதைக்க மாட்டார். சுட்டால் வாசனை தெருவைத் தாண்டும். அவசரப்பட்டுக் கடித்தால் பல்லும் தாண்டும்.

"ஸ்வீட் கார்ன் இல்லையா?" என்று கேட்கும் சுற்றுலாக்காரர்களுக்கு அவர் பதில் ஒன்றுதான். "இனிப்பு வேணும்னா லட்டு இருக்குதுங்க. சோளம் சோளமாத்தானுங்க இருக்கும்."

ஒரு வருஷம் அவர் சேர்த்து வைத்திருந்த விதையை வண்டு தின்றுவிட்டது. மிச்சம் ஒரு ஊறுகாய் பாட்டில் அளவு. மஞ்சக்குட்டை வரை அலைந்து கேட்டார், அந்த விதை வேறு யாரிடமும் இல்லை. இருந்ததை அப்படியே விதைத்தார். பிறகுதான் பக்கத்து நிலத்தில் செல்லம்மாக்கா கம்பெனி மஞ்சள் சோளம் போட்டிருப்பது தெரிந்தது.

"ஏனுங்க அம்மணி, ஒரு மாசம் தள்ளிப் போட்டிருக்கக் கூடாதுங்களா? உங்க பூந்தூள் காத்துல வந்து எஞ்சோளத்துல உழுந்தா, இனமே கலந்து போயிருமுங்க!"

"மழை என்னையக் கேட்டுட்டா பெய்யுது? போங்க பாய், வேலையப் பாருங்க."

வேலையைத்தான் பார்த்தார். தன் கதிர் ஒவ்வொன்றுக்கும், மயிர் வெளியே வருமுன், காகிதக் கவர் மாட்டினார். உச்சியிலிருக்கும் பூவுக்கும் ஒன்று. காலையில் பூக்கவரைத் தட்டித் தூளைச் சேர்த்து, வேறொரு செடியின் கதிர்மயிரில் தூவி, மறுபடி மூடுவார். கேட்டால், "பொண்ணு மாப்பிள்ளை நாம பாத்து வெக்கோணுமுங்க. காத்த நம்புனா எவன் வருவான்னு தெரியாது" என்பார்.

பேக்கரிக் கவரெல்லாம் வயலுக்குப் போனதால் ஒண்டிக்கடையே பப்ஸைக் கையில் ஏந்தித் தின்றது. அடுத்து என் ஜெராக்ஸ் பேப்பர் இரண்டு கட்டு காணாமல் போனது. வயலைப் பார்த்த ஒரு சுற்றுலாக் குடும்பம் ஏதோ மாந்திரீகம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பூ முற்றிய வாரத்தில் அடைமழை. கவர் எல்லாம் கூழ். அன்று பாய் கல்லாவைவிட்டு எழவே இல்லை. பன்னில் பூஞ்சை என்று ஒருவர் சண்டைக்கு வந்தபோதுகூடத் தலையை மட்டும் ஆட்டினார். எனக்குப் பயமாகிவிட்டது.

சாயங்காலம் செல்லம்மாக்கா நனைந்தபடி பஸ்ஸில் வந்து இறங்கினார். "எந்திரிங்க பாய். உங்க பக்கமா இருந்த எட்டு வரிசைப் பூவையும் ஒடிச்சு மாட்டுக்குப் போட்டுட்டேன். மிச்ச வரிசைக்கு அந்தாண்டப் பூவே போதும்."

"ஏனுங்க அம்மணி..." பாய் எழுந்து தன் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நொம்ப உருகாதீங்க. உங்க பொலம்பலக் கேக்கறதுக்கு இது மேலு."

மறுநாள் நான் கடையைப் பூட்டிவிட்டு, மெழுகுத்தாள் ரொட்டி உறைகளோடு அவர்களுடன் வயலில் இறங்கினேன். என்னிடம் பாய் சொன்னது இதுதான்: "மெல்ல மாட்டுங்க, பொண்ணு பயந்துக்கும்."

அறுவடையில் கதிர் கதிராகப் பிரித்தோம். அங்கங்கே மஞ்சள் மணி எட்டிப் பார்த்தது. அந்தக் கதிர்களையெல்லாம் பாய் அடுப்பில் சுட ஒதுக்கினார். மிச்சம் மூன்று மூட்டை, முத்து வெள்ளை. செல்லம்மாக்கா களி கிண்டித் தின்றுவிட்டு, அடுத்த பட்டத்துக்கு இரண்டு படி விதை கேட்டார். மாப்பிள்ளை வீட்டாரை விசாரிப்பதுபோல பாய் அரைமணி நேரம் விசாரித்துத்தான் கொடுத்தார். இப்போது மஞ்சக்குட்டையிலும் நாலு வீட்டார் நிலத்தில் அந்தச் சோளம் நிற்கிறது.

போன வாரம் ஜெராக்ஸ் எடுக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், பாய் ஒரு கதிரோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "யாருங்க அது? கொஞ்சம் ஒரு மாதிரியோ?" என்றார்.

"எங்க பாய்ங்க" என்றேன்.