புஜ்ஜி என்றொரு யூசர்

வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதற்காக எவ்வளவு வேலை வேண்டுமானாலும் செய்வார்கள். நான் அந்த ரகம். இறங்க வேண்டிய இடத்தில் டிரைவரிடம் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூசி, அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்து வந்தவள். (நடப்பது உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன்.)

சனத்நகரில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஆபீஸ் வேலை. படிப்பு பிளஸ் டூ, கூடவே கொஞ்சம் டைப்பிங். ஒருநாள் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை நான் கிழியாமல் இழுத்ததை மேனேஜர் நரசிங் ராவ் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவே நான்தான். தலைவியும் நான், சிப்பந்தியும் நான்.

அப்போது ஒரு பெரிய ஆர்டர் வருவதாக இருந்தது. அது வந்தால்தான் நின்றுபோன இரண்டாவது ஷிப்ட் மறுபடி ஓடும். ஆனால் ஆர்டர் கொடுக்கிறவர்கள், முதலில் எங்கள் கம்ப்யூட்டர்களைச் சோதிக்க ஆடிட்டுக்கு ஒருவரை அனுப்புவோம் என்றார்கள். அவர்களுடைய முதல் நிபந்தனை, சாதாரண ஊழியர் யாருக்கும் அட்மின் உரிமை இருக்கக்கூடாது. அதாவது, கம்ப்யூட்டரில் புது ஆளைச் சேர்க்க, நீக்க, இஷ்டப்பட்ட சாப்ட்வேரைப் போட அனுமதிக்கும் உரிமை.

"ஜெயந்திகாரு, யார் யாருக்கு அட்மின் இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. நாளைக்கே ஆடிட்" என்றார் ராவ். (அவர் பேசியது தெலுங்கும் ஹிந்தியும் கலந்து. தமிழில் எழுதுகிறேன். மரியாதையை மட்டும் மாற்றவில்லை.)

ஒவ்வொரு மேஜையாகப் போய், "கொஞ்சம் நகருங்க, பார்க்கணும்" என்று சொன்னால் முடிகிற வேலை. அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்ததிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. அதனால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கம்ப்யூட்டருக்கு வரிசையாகக் கட்டளை போடும் ஒரு சின்ன பைல். அது எனக்குப் பதிலாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

இணையத்தில் பார்த்தால் இதற்கு ஒழுங்கான வழிகள் பல இருந்தன. எனக்கு எதுவும் புரியவில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அட்மினால்தான் புது யூசரைச் சேர்க்க முடியும் அல்லவா? அப்படியானால் ஒரு யூசரைச் சேர்த்துப் பார்ப்போம். சேர்ந்தால் இவர் அட்மின், சேராவிட்டால் இல்லை. சேர்த்தவரை உடனே நீக்கிவிடலாம். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சட்டியையே காலி செய்கிற யோசனை. அப்போது அறிவாளித்தனமாகத் தெரிந்தது.

யூசருக்கு ஒரு பெயர் வேண்டும். எந்த மெஷினிலும் ஏற்கெனவே இல்லாத பெயராக இருக்க வேண்டும். எங்கள் ஊழியர் பட்டியலில் ஸ்ரீனிவாசலு உண்டு, வெங்கடேஷ் உண்டு, அன்வர் உண்டு. புஜ்ஜி இல்லை. என் கணவர் சுந்தரத்துக்குச் சின்ன வயதில் அல்வாலில் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா வைத்த செல்லப் பெயர் அது. போட்டேன். பாஸ்வேர்டு கேட்டது. அவரைப் பற்றியே மனதில் தோன்றிய ஒன்றைப் போட்டேன்.

என் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். 'அட்மின் இல்லை' என்று பதில் வந்தது. அடடா, வேலை செய்கிறதே!

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், பென் டிரைவுடன் திருடி மாதிரி மேஜை மேஜையாகப் போய், கம்ப்யூட்டர் திறக்கும்போதெல்லாம் தானாக ஓடும்படி அதை வைத்துவிட்டு வந்தேன். 'இதை அனுமதிக்கலாமா' என்று கேட்கும் பெட்டியைத் தொந்தரவு என்று எங்கள் ஆட்கள் எப்போதோ நிறுத்திவைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய் வந்தது. எல்லா மெஷினும் அணைந்து, மறுபடி திறந்தன. என் மேஜைக்குப் பதில்கள் வந்து சேர்ந்தன. அட்மின். அட்மின். அட்மின். ராவ் உட்பட எல்லோரும் அட்மின்.

இனி ஒவ்வொருவரிடமும் போய், "உங்க உரிமையை எடுக்கணும்" என்று சொல்ல வேண்டும். நாளை சொல்லலாம் என்று பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அதிசயம். எல்லோரும் கம்ப்யூட்டரைத் திறக்க, புதுப் பதில்கள் வந்தன. யாருமே அட்மின் இல்லை! ராவ் சாரே ராத்திரியோடு ராத்திரியாக ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டார் போல என்று நினைத்தேன். (கடவுள் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.) ஓடிப்போய், "சார், யாருக்கும் அட்மின் இல்லை" என்றேன். என் வாழ்க்கையில் நானாகப் போய்ச் சொன்ன முதல் செய்தி.

ஆடிட் மேடம் மாதாப்பூரிலிருந்து வந்திருந்தார். சிரிக்காத முகம். "எல்லோரும் போனை மேஜைமேல் வையுங்க" என்றார். வைத்தோம். ராவ் தன் மெஷினைச் சுவரில் இருந்த பெரிய திரையில் இணைத்து, "எங்க கம்பெனியில் ஒருத்தருக்கும் அட்மின் உரிமை கிடையாது மேடம்" என்று பெருமையாக அதைத் திறந்தார்.

திரையில் யூசருக்கு ஒன்றாக இரண்டு வட்டங்கள். ஒன்றின் கீழே ராவின் பெயர். இன்னொன்றின் கீழே, ஆங்கிலத்தில், புஜ்ஜி.

"புஜ்ஜி எவரு?" என்றார் ராவ்.

ஸ்டோர்ஸ் யாதகிரி எழுந்தார். "சார், என் மெஷின்லயும் காலையிலேருந்து இந்தப் பேர் இருக்கு. என் பேத்தி பேரு. கம்பெனி அன்பா போட்டிருக்குன்னு நினைச்சேன்."

"எங்க வீட்டு நாய் பேரு சார்" என்றார் அன்வர். "யாரோ என்னை வெச்சு மஜாக் பண்றாங்கன்னு நினைச்சேன்."

"முன்பின் தெரியாத யூசர், எல்லா மெஷினிலும்" என்றார் மேடம். "யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். இப்படி இருந்தால் ஆர்டர் பற்றிப் பேசவே வேண்டாம்."

ராவின் முகம் வெளுத்தது. ஷிப்ட் போச்சு என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்கிரிப்டில் 'வேலை முடிந்தது, வெளியே போ' என்ற வரியை மேலேயும், 'புஜ்ஜியை நீக்கு' என்ற வரியை அதற்குக் கீழேயும் எழுதியிருந்தேன். வெளியே போனது எப்படி வந்து நீக்கும்? மறுநாள் புஜ்ஜி ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் இன்னொரு புஜ்ஜியைச் சேர்க்க முடியவில்லை. உடனே 'அட்மின் இல்லை' என்று சொல்லிவிட்டது. என் மெஷினில் மட்டும் புஜ்ஜி வரவில்லை. ஏனென்றால் அந்தக் கம்பெனியிலேயே அட்மின் உரிமை இல்லாத ஒரே ஆள், கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவியான நான்தான்.

சொல்ல வேண்டும். எழுந்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

அப்போது மேஜைமேல் ஒரு போன் அதிர்ந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். என் போன். திரை முழுக்கக் கொட்டை எழுத்தில்: புஜ்ஜி.

ராவ் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"ஏய் ஜெயந்தி, குக்கர் மூணு விசில் வந்துடுச்சு. நிறுத்தவா, நக்கோவா?"

அன்று என் கணவருக்கு வார விடுமுறை. (நக்கோ என்றால் வேண்டாம்.) நான் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் என்னையே பார்த்தார். "இந்த புஜ்ஜிக்கு அட்மின் உரிமை இருக்கிறதா? பார்க்கணும். பாஸ்வேர்டு?"

"குறட்டை... பெரிய கே. அப்புறம் அந்த அட் குறி, ஒண்ணு."

"அப்படியென்றால்?"

"தூங்கும்போது வர்ற சத்தம், மேடம்."

"ஏய்! அது நானா?" என்றது ஸ்பீக்கர். போனை யாரும் அணைக்கவில்லை.

மேடம் உள்ளே நுழைந்து எதையோ தட்டிப் பார்த்தார். "வெறும் சாதாரண யூசர். ஒரு உரிமையும் இல்லை" என்றார். பிறகு அந்தச் சிரிக்காத முகம் மெல்லக் கோணியது. "ஆனால் புஜ்ஜி எந்தெந்த மெஷினில் இருக்கிறாரோ, அந்த மெஷின்காரர் எல்லாம் அட்மின். இவ்வளவு தெளிவான சாட்சியை நான் பார்த்ததே இல்லை. சரிசெய்து வையுங்க. அடுத்த மாதம் வருகிறேன்."

அந்த ஒரு மாதமும் நான் மேஜை மேஜையாகப் போய், "கொஞ்சம் நகருங்க" என்று வாய் திறந்து சொல்லி, உரிமையை எடுத்து, புஜ்ஜியை நீக்கினேன். எந்த வாக்கியத்துக்குப் பயந்து ஸ்கிரிப்ட் எழுதினேனோ, அதே வாக்கியம். மேடம் மறுபடி வந்தார், ஆர்டரும் வந்தது. இரண்டாவது ஷிப்ட் இன்றும் ஓடுகிறது. ஆயுத பூஜைக்கு என்னை அழைக்க மறந்தாலும், "புஜ்ஜிகாரு வரணும்" என்று ராவ் என் கணவருக்குப் போன் செய்துவிடுவார்.

வீட்டில்தான் இது முடியவில்லை. போன வாரம்கூட, ஹாலுக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்று என் கணவர் தன் முடிவைக் கம்பீரமாக அறிவித்தார். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் எங்கள் மகள், போனிலிருந்து தலை நிமிராமல் அப்பாவிடம் சொன்னாள்:

"நான்னா, நுவ்வு சாதாரண யூசர்." (அப்பா, நீ சாதாரண யூசர்.)

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கூச்ச சுபாவம் அல்லவா.